நான்கறை வீட்டில் ஒரு சரக்கு முற்றம்: மாதிரி ரயிலுக்கு எந்த நிறுவனத்தின் டீசல் என்ஜினை நம்பி வாங்குவது?

புகார்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் ஒரு நான்கறை வீவக வீடு, அதாவது அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடு. வரவேற்பறைச் சுவரை ஒட்டி 2.4 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை. அதன்மேல் எச்ஓ அளவில், அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்காக, சிறிய சரக்கு முற்றம். பலகை 1.2 மீட்டர் துண்டுகள் இரண்டாகப் பிரியும். தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்தால் கழற்றி வீட்டுப் பாதுகாப்பறைக்குள் நிறுத்திவிடலாம்.

தடத்தின் அமைப்பு இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த 'இங்கிள்நூக்'. இரண்டு பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று கிளைத் தடங்கள். நீளமான தடத்தில் ஐந்து பெட்டிகள் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. மொத்தம் எட்டுப் பெட்டிகள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, வந்த ஐந்து பெட்டிகளை அதே வரிசையில் கோத்து நிறுத்த வேண்டும். அப்படி 6,720 வரிசைகள் வரலாம் என்பதால் ஆட்டம் சலிப்பதில்லை. ஆனால் என்ஜினுக்கு இது கடுமையான வேலை. ஒரு மணி நேரத்தில் நூறு முறை நிற்கும், நூறு முறை கிளம்பும், ஒவ்வொரு முறையும் பாயிண்டின் மேலேயே ஊர்ந்து போகும். வட்டப் பாதையில் வேகமாகச் சுற்றும்போது தெரியாத குறையெல்லாம் இங்கே ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மின் தொழில்நுட்பர். இணையத்தில் யாரோ விற்ற நான்கு அச்சு டீசல் என்ஜின் ஒன்றை வாங்கியிருந்தார். அட்டைப்பெட்டியில் இருந்தது பெயர்பெற்ற நிறுவனம்தான், இங்கே அந்தப் பெயர் தேவையில்லை. தடத்தில் வைத்த முதல் நாளே என்ஜின் நொண்டியது. பாயிண்டின் மேல் போனதும் நின்றது.

"மாமா, நல்ல கம்பெனின்னுதானே வாங்குனீங்க? அப்புறம் ஏன் இது நொண்டுது?" என்று அவருடைய தங்கை மகன் கேட்டான்.

"கம்பெனி நல்ல கம்பெனிதான்டா. இந்த என்ஜின் நல்லதான்னு நான் பார்க்கல" என்றார்.

அந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது.

37 மில்லிமீட்டர்

நொண்டலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை, ஒரு பென்சிலும் அளவுகோலும் போதுமாக இருந்தன. என்ஜினை மிக மெதுவாக ஓடவிட்டு, 'டக்' என்று குதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் தண்டவாளத்தை ஒட்டிக் கோடு போட்டார்கள். பத்துக் கோடுகள். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 37 மி.மீ.

அந்த எண்ணே நோயைச் சொல்லிவிடும். அமெரிக்க டீசல் என்ஜின்களின் சக்கரம் பெரும்பாலும் 40 அங்குல விட்டம். எச்ஓ அளவில் அது 11.7 மி.மீ., சுற்றளவு 37 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஒரு முறை குதிக்கிறது என்றால், அச்சோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றில்தான் குறை. அது அச்சு கியர். ஒரு சுற்றுக்குள் பல முறை தடதடத்திருந்தால் இடைக் கியரையோ திருகு போன்ற வார்ம் கியரையோ சந்தேகிக்கலாம். மோட்டாரின் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமலாக இருந்தால் மோட்டார் தண்டும் இணைப்புத் தண்டும் நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள்.

என்ஜினின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்தான் போகி. அதன் அடிமூடி நான்கு கொக்கிகளில் நிற்கும். மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பினால் மூடி வந்துவிடும். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் கியர்கள். டார்ச் ஒளியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஒரு கியரில் இரண்டு பற்களுக்கு நடுவே, அடியில், மயிரிழை போல ஒரு கோடு. விரிசல் விட்ட இடத்தில் கியர் துளி அகன்றுவிடுகிறது. அங்கே இரண்டு பற்களுக்கு இடைவெளி கூடிப்போய், எதிர்க் கியரின் பல் சரியாக உட்காராமல் ஏறிக் குதிக்கிறது.

ஏன் விரிசல் விடுகிறது? எச்ஓ டீசலில் ஒரு சக்கரச் சோடியின் அச்சு ஒரே கம்பி அல்ல. இடப்பக்கச் சக்கரத்துக்கு ஓர் அரை அச்சு, வலப்பக்கத்துக்கு ஓர் அரை அச்சு. நடுவில் இரண்டையும் பிடித்திருப்பது அந்தப் பிளாஸ்டிக் கியர்தான். இரு தண்டவாளங்களின் மின்சாரமும் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பதும் அதுவே. அரை அச்சின் முனை சொரசொரப்பாக இருக்கும், கியரின் துளை அதைவிடச் சற்றுச் சிறியது. அழுத்திச் செருகியிருப்பதால் கியர் வாழ்நாள் முழுக்க உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆண்டுகள் போகப் போகப் பிளாஸ்டிக் சுருங்கி, இழுவிசை தாளாமல் பிளக்கிறது. ஓட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் பிளக்கும். 'ஒருமுறைகூட ஓட்டியதில்லை' என்று யாராவது பழைய என்ஜினை விற்றால், அது கியருக்கு உத்தரவாதம் ஆகாது.

பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டாது. இத்தகைய கியர்கள் பெரும்பாலும் அசிட்டால் வகைப் பிளாஸ்டிக், அதில் பசை பிடிக்காது. பிடித்தாலும் அகன்ற இடைவெளி அகன்றதுதான். கியரை மாற்றுவதே வழி. ஒன்றுதான் விரிசல் விட்டிருந்தது என்றாலும் நான்கையும் மாற்றினார்கள். ஒரே வார்ப்பில் வந்த நான்குக்கும் ஒரே வயது. அரை அச்சைத் திருகிக்கொண்டே இழுத்தால் வெளியே வரும். புதுக் கியரில் இருபுறமும் சமமாகச் செருக வேண்டும். பின்பு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் அளவுத் தகட்டை வைத்து சக்கரங்களின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 14.5 மி.மீ. அளவில் இருக்கும். அரை மில்லிமீட்டர் தவறினாலே பாயிண்டில் சக்கரம் ஏறி இறங்கும்.

பாயிண்டில் நின்றுபோனதற்குக் காரணம் வேறு. முன் போகியின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, பின் போகி மட்டும் தண்டவாளத்தைத் தொடும்படி செய்தார்கள். என்ஜின் அசையவில்லை. காகிதத்தைப் பின் போகிக்கு மாற்றியதும் சக்கரம் சுழன்றது. எட்டுச் சக்கரங்கள் மின்சாரம் எடுக்க வேண்டிய இடத்தில் நான்குதான் எடுத்துக்கொண்டிருந்தன. பின் போகியின் கம்பியைச் சர்க்கியூட் பலகையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொப்பி அழுத்திப் பிடித்திருந்தது, அந்தத் தொடுமுனை கறுத்துப்போயிருந்தது. தொப்பியை எடுத்துவிட்டுக் கம்பியைப் பற்றவைத்ததும் சரியாயிற்று.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மேல்கூடு கழன்று வர மறுத்தது. வலிந்து கழற்றிப் பார்த்தால், மோட்டார் உட்காரும் இடத்தில் உலோகச் சட்டம் வெளுத்து, பொடி பூத்து, மெல்லிய பிளவுகள் விட்டிருந்தது. சட்டமே உப்பியதால்தான் கூடு இறுகியிருந்தது. துத்தநாகக் கலவையை வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்துவிட்டால் வரும் நோய் இது. உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு பரவும். வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும். சிங்கப்பூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மருந்தும் கிடையாது. அந்த என்ஜின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. புது என்ஜினைத் தேடும் வேலை அப்போதுதான் தொடங்கியது.

பெயருக்குப் பின்னால் எந்தத் தொழிற்சாலை?

'எந்த பிராண்ட் நல்லது?' என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பல காலங்கள் உண்டு என்பதைச் சொல்ல மாட்டார்கள். அட்லஸையே எடுத்துக்கொள்வோம். 1970களில் அதன் எச்ஓ டீசல்களைச் செய்து கொடுத்தது ஆஸ்திரியாவின் ரோக்கோ. 1980களில் ஜப்பானின் காட்டோ. பிறகு சீனத் தொழிற்சாலைகள். பெட்டியில் எப்போதும் அட்லஸ்தான். லைஃப்-லைக் நிறுவனம் தொடங்கிய புரோட்டோ 2000 வரிசை 2005இல் வால்தர்ஸ் கைக்கு மாறியது. அத்தர்ன் 2004இல் ஹொரைசன் ஹாபியின் கீழ் வந்தது. பாக்மன் ஹாங்காங்கின் கேடர் குழுமத்துக்குச் சொந்தமானது. அதே கேடர் 2008இல் சாண்டா கான் நிறுவனத்தையும் வாங்கியது. ஹார்ன்பி உட்பட வெவ்வேறு நிறுவனங்களுக்கு மாதிரி ரயில்கள் செய்து கொடுத்த தொழிற்சாலை அது. சொந்தத் தொழிற்சாலையில் ஜப்பானிலேயே செய்யும் காட்டோ போன்றவை விதிவிலக்கு.

பெயரைவிடப் பெயருக்குள் இருக்கும் வரிசையைப் பார்ப்பது பயன் தரும். வால்தர்ஸில் டிரெய்ன்லைன், மெயின்லைன், புரோட்டோ என்று மூன்று படிகள். அட்லஸில் டிரெய்ன்மேன், அதற்கு மேல் மாஸ்டர். அத்தர்னில் உச்சப் படி ஜெனிசிஸ். ஸ்கேல்ட்ரெய்ன்ஸில் எளியது ஆப்பரேட்டர், நுணுக்கமானது ரிவெட் கவுன்ட்டர். ஒரே நிறுவனத்தில் கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கைப்பிடிக் கம்பி, குழாய், விளக்கு போன்ற வெளி நுணுக்கங்களில்தான். ஓட்டும் பொறி சில வேளை ஒன்றாகவே இருக்கும். வாரம் இருமுறை கையால் தூக்கிப் பாதுகாப்பறைக்குள் வைக்கும் என்ஜினுக்கு மயிரிழைக் கைப்பிடிகள் ஒரு சுமை, தூக்கும்போது முதலில் உடைவதும் அவையே. இத்தகைய வீட்டுக்கு நடுப்படியே சரி என்பது எங்கள் கருத்து. மிச்சப்படும் பணத்தை நல்ல டிகோடரில், அதாவது தண்டவாளம் வழியே வரும் கட்டளைப்படி என்ஜினை ஓட்டும் சின்னச் சர்க்கியூட்டில், போடலாம்.

இன்னொன்று, இன்று பல நிறுவனங்கள் முன்பதிவுக்கு ஏற்பத் தொகுதி தொகுதியாகத்தான் செய்கின்றன. ஒரு தொகுதி விற்றுத் தீர்ந்தால் அதே என்ஜின் மீண்டும் வர ஆண்டுகள் ஆகலாம். ஆகவே வாங்கும் முன் நிறுவனத்தின் உதிரிப் பாகப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அச்சு கியர், வார்ம் கியர், போகிப் பக்கச் சட்டம், மோட்டார் ஆகிய நான்கும் தனித்தனியாக விற்கப்படுகின்றனவா என்று தேடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர் பழுதான என்ஜினைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். இங்கிருந்து அனுப்பினால் போகவர அஞ்சல் செலவே விலையில் நல்ல பங்கைத் தின்றுவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்து நாமே திறந்து பழுது பார்க்கக்கூடிய என்ஜின்தான் சிங்கப்பூரில் நல்ல என்ஜின். இந்த ஒரு அளவுகோலுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுக்கலாம்.

185 மில்லிமீட்டர்

பையனுக்கு மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் என்ஜின்தான் ஆசை. 1932இல் சிங்கப்பூரில் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 சூன் 30 இரவு கடைசி வண்டி கிளம்பியதைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் கேடிஎம் பாதை மீட்டர் அகலம். 87இல் ஒரு பங்கில் அது 11.5 மி.மீ. இந்தப் பலகையில் இருப்பதோ 16.5 மி.மீ. தடம், அது 1,435 மி.மீ. பாதைக்கானது. வேறு அகலத் தடம், வேறு பெட்டிகள் என்று எல்லாவற்றையும் மாற்றினால்தான் அந்த ஆசை நிறைவேறும். அது அடுத்த பலகைக்கு.

இந்தப் பலகையில் என்ஜினைத் தீர்மானித்தது ஓர் அளவு. பலகைகள் சேரும் இடத்தில் பாயிண்ட் வரக் கூடாது. ஆகவே ஏறத்தாழ 23 செ.மீ. நீளமுள்ள இரண்டு பாயிண்டும் முதல் பலகைக்குள்ளேயே அடங்க வேண்டும். அதனால் என்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் முனைத் தடத்துக்கு மிஞ்சியது 650 மி.மீ. அங்கே என்ஜினோடு மூன்று பெட்டிகள் நிற்க வேண்டும். 40 அடிப் பெட்டி ஒன்று, இணைப்புக் கொக்கியான கப்ளரோடு ஏறத்தாழ 155 மி.மீ. மூன்றுக்கு 465 போனால் என்ஜினுக்கு 185 மி.மீ.

எஸ்டி40-2 என்ற ஆறு அச்சு என்ஜின் உண்மையில் 68 அடி 10 அங்குலம், எச்ஓவில் 241 மி.மீ. தள்ளுபடி. ஜிபி38-2 என்ற நான்கு அச்சு என்ஜின் 59 அடி 2 அங்குலம், அதாவது 207 மி.மீ. அதுவும் தள்ளுபடி. எஸ்டபிள்யூ1500 போன்ற முற்ற என்ஜின் 44 அடி 8 அங்குலம், 156 மி.மீ. கப்ளர் சேர்த்தும் இடம் மிஞ்சும்.

இந்தக் கணக்கைப் போட்டதும் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்தது. நீண்ட நவீன என்ஜின்களுக்குப் பெயர்பெற்ற ஸ்கேல்ட்ரெய்ன்ஸ் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்தப் பலகைக்கு உதவாது. கடைக்குப் போய் முதலில் பிராண்டைப் பேசுகிறவர்கள் பலர் இந்த அளவைப் பார்ப்பதே இல்லை. 18 அங்குல, அதாவது 457 மி.மீ. ஆரமுள்ள வளைவில் ஆறு அச்சு என்ஜினை விட்டுவிட்டு, தடம் புரள்வதற்கு நிறுவனத்தைக் குறை சொல்வதும் இதே வகைதான்.

மிஞ்சியவை: அட்லஸின் ஆல்கோ எஸ்-2, அத்தர்னின் எஸ்டபிள்யூ1500, வால்தர்ஸின் எஸ்டபிள்யூ9, பௌசரின் விஓ-1000, ரப்பிடோவின் எஸ்டபிள்யூ1200, பாக்மனின் ஜிஈ 70 டன். பாக்மன் இவற்றில் குட்டி. அழகாகவே இருக்கும், ஆனால் இழுவை எடையைப் பொறுத்தது, சின்ன உடலில் எடை வைக்க இடம் குறைவு. மட்டமான தடத்தில் என்ஜினின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இழுவை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே மூன்று முதல் ஐந்து பெட்டிகளை மட்டத் தடத்தில் இழுப்பதுதான் வேலை என்பதால் எல்லாமே தேறும். எடை இன்னொரு காரணத்துக்காக முக்கியம்: கனமான என்ஜினின் சக்கரம் தண்டவாளத்தை அழுத்தித் தொடும், மின்சாரம் அறுபடாமல் வரும்.

முடிவில் அட்லஸ் மாஸ்டர் வரிசையில் எஸ்-2, கோல்டு வகை. சில்வர் என்றால் டிகோடர் வைக்க இடம் மட்டும் விட்டிருப்பார்கள், கோல்டு என்றால் ஒலியோடு டிகோடர் உள்ளேயே இருக்கும். இந்த அளவு குறுகிய கூட்டுக்குள் ஒலிபெருக்கியையும் டிகோடரையும் நாமே திணிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை, அதனால் கோல்டு. பெரிய உடலுள்ள என்ஜின் என்றால் சில்வர் வாங்கி, பிடித்த டிகோடரை நாமே போடுவதையே பரிந்துரைப்போம். உண்மையான எஸ்-2 1940 முதல் 1950 வரை ஆல்கோ செய்த 1,000 குதிரைத்திறன் என்ஜின், முற்ற வேலைக்கென்றே பிறந்தது. அத்தர்னையோ ரப்பிடோவையோ எடுத்திருந்தாலும் தவறில்லை. அந்த வாரம் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய சரக்காகக் கைக்கு எட்டியதும், கியர் உதிரியாகக் கிடைத்ததும் எஸ்-2 ஜெயித்த காரணங்கள்.

விலைக் கணக்கில் ஒரு சொல். வெளிநாட்டுக் கடையில் 300 சிங்கப்பூர் வெள்ளி என்று போட்டிருந்து, அனுப்பும் செலவு 45 வெள்ளி என்றால், 9 விழுக்காடு பொருள் சேவை வரி 31 வெள்ளிக்கு மேல் வரும். கைக்கு வரும்போது 376 வெள்ளி. 2023 சனவரி 1 முதல், இங்கே வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் வரி வசூலிக்கிறார்கள். உள்ளூர்க் கடையின் விலையை இந்த 376ஓடுதான் ஒப்பிட வேண்டும். உள்ளூரில் தடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்து வாங்கலாம், அதன் மதிப்பு எந்த ரசீதிலும் வராது.

கையில் வாங்கும்போது

புதிதானாலும் பழையதானாலும் பணம் கைமாறும் முன் பத்து நிமிடம் கேளுங்கள். கெரோசல் இணையச் சந்தையில் பார்த்து எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றுவதாக இருந்தாலும் முடியும். பைக்குள் 30 செ.மீ. தடத் துண்டு, கிளிப் வைத்த 9 வோல்ட் பேட்டரி, காகிதத் துண்டு, டார்ச், சக்கர அளவுத் தகடு. இவ்வளவும் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் அடங்கும்.

முதலில் மின்சாரம் இல்லாமல். என்ஜினைக் கண்ணாடி மேசைமேல் வைத்து மூலைகளை மெல்ல அழுத்துங்கள். ஆடினால் எட்டுச் சக்கரமும் தொடவில்லை, போகி முறுக்கியிருக்கிறது. சட்டத்தின் வெளியே தெரியும் இடங்களில் வெள்ளைப் பொடி, உப்பல், பிளவு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். சக்கரங்களில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் பழைய ரப்பர் பிசுபிசுத்துவிடும். ரப்பர் போட்ட சக்கரம் இழுக்கும், ஆனால் மின்சாரம் எடுக்காது. முற்ற என்ஜினுக்கு ரப்பர் இல்லாததே மேல்.

பிறகு தடத்தில் வைத்துப் பேட்டரியைத் தொடுங்கள். டிகோடர் இல்லாத என்ஜின் உடனே ஓட வேண்டும். ஒலி டிகோடர் உள்ளது என்றால் 7, 8 வோல்ட் வந்த பிறகே விழிக்கும், பழைய பேட்டரியோடு போனால் நல்ல என்ஜினையும் செத்ததென்று நினைத்துவிடுவீர்கள். சில என்ஜின்களில் சாதா மின்சாரத்தில் ஓடாதபடி டிகோடரையே அமைத்திருப்பார்கள், டிகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி 29ஐ மாற்றினால் ஓடும். அப்படியானால் விற்பவரிடம் டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதென்றால் வேண்டாம்.

காகிதச் சோதனையை மறக்காதீர்கள். ஒவ்வொரு போகியாகக் காகிதத்தின் மேல். இரண்டு முறையும் ஓட வேண்டும்.

வேகத்தை எண்ணிப் பார்ப்பது வீட்டில் செய்யலாம். எச்ஓவில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 3.2 மி.மீ. ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் 30 செ.மீ. கடக்க 19 விநாடி ஆகும். நல்ல முற்ற என்ஜின் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில், அதே 30 செ.மீ.யை முக்கால் நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, நிற்காமல் திக்காமல் கடக்கும். இரு திசையிலும் பாருங்கள். ஒரு பக்கம் மென்மையாகவும் மறுபக்கம் முரட்டுத்தனமாகவும் ஓடினால் வார்ம் கியரில் முன்பின் ஆட்டம் கூடுதலாக இருக்கும், மெல்லிய வாஷர் ஒன்றில் சரியாகிவிடும்.

எஸ்-2 இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டியது. கப்ளர் உயரத்தைக் கேடீ 205 அளவியில் பார்த்தபோதும் சரியாக இருந்தது. பெட்டிகள்தான் தேறவில்லை. என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓ பெட்டியின் எடை ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், 113 கிராம். எட்டில் மூன்று பெட்டிகள் 80 கிராமைத் தொடவில்லை. பின்னோக்கித் தள்ளும்போது அவைதான் தடம் புரண்டன, பழி என்ஜின் மேல் விழ இருந்தது. அந்தப் பெட்டிகளின் உள்தரையில் துருப்பிடித்த நட்டுகளை ஒட்டி எடை கூட்டியதும் அடங்கின.

டிகோடரை அமைத்தது

இந்த டிகோடர் லோக்சவுண்ட். அதில் மோட்டாரைத் தானே அளந்துகொள்ளும் வசதி உண்டு: சிவி 54இல் 0 எழுதிவிட்டு எஃப்1 பொத்தானை அழுத்தினால் என்ஜின் ஏறத்தாழ ஒன்றரை விநாடி முழு வேகத்தில் பாய்ந்து நிற்கும். மெதுவோட்டம் அதன்பின் நன்றாகத் திருந்தும். 2.4 மீட்டர் பலகையில் இது ஆபத்தான காரியம். பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பாயிண்டுகளை நீளமான தடத்துக்குத் திருப்பி, என்ஜினை ஒரு கோடியில் நிறுத்தி, மறுகோடியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு இரண்டை நிமிர்த்தி வைத்த பிறகே பொத்தானை அழுத்தினார்கள். பஞ்சு தேவைப்படவில்லை. ஆனாலும் வைக்காமல் செய்யாதீர்கள், கீழே மூன்றடி ஆழத்தில் மார்பிள் தரை.

பிறகு வேகம் கூடும் நேரமும் குறையும் நேரமும். சிவி 3, சிவி 4 இரண்டிலும் ஒவ்வோர் எண்ணும் கால் விநாடி. சிவி 3இல் 20, சிவி 4இல் 12 வைத்தார்கள், அதாவது ஐந்து விநாடியில் முழு வேகம், மூன்று விநாடியில் நிற்கும். உண்மையான ரயில் போல இருக்கட்டும் என்று பெரிய எண்ணை வைத்தால் பெட்டியில் போய் முட்டும். சிவி 5ஐக் குறைத்து உச்ச வேகத்தையும் கட்டினார்கள். தவறாக ஏதாவது எழுதிவிட்டுத் திகைத்தால் சிவி 8இல் 8 எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். முகவரி 3க்குப் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பாயிண்டின் நடுவே ஃபிராக் என்ற முக்கோணத் துண்டு மின்சாரம் இல்லாமல் இருந்தது. எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுத்தால் என்ஜின் அதைத் தாண்டிவிடும். ஆனால் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், எதிர்ப்பக்கத்தில் ஒரு தூசி போதும், ஒலி அறுந்து என்ஜின் மறுபடி 'ஸ்டார்ட்' ஆகும். மின்னணுப் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் இரண்டு ஸ்லைட் சுவிட்ச் வாங்கிப் பலகையின் அடியில் பொருத்தினார்கள். சுவிட்சைத் தள்ளினால் கம்பி வழியே பாயிண்ட் திரும்புகிறது, அதே சுவிட்ச் ஃபிராக்குக்குச் சரியான தண்டவாளத்தின் மின்சாரத்தையும் கொடுக்கிறது. ஃபிராக் உலோகமாக இருந்தால் மட்டுமே இது முடியும், பாயிண்ட் வாங்கும்போதே கவனியுங்கள்.

தடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் மின் அடாப்டரின் பின்புற எழுத்தைப் படிக்காமல் சுவரில் செருக வேண்டாம். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் மூன்றுமுனைப் பிளக் மாற்றி போதும். 120 வோல்ட் மட்டும் என்று எழுதிய அமெரிக்கப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து

மூன்றாவது மாதம் என்ஜின் மீண்டும் திக்க ஆரம்பித்தது. கியர் அல்ல, கம்பியும் அல்ல. வெள்ளைத் துணியில் தண்டவாளத்தைத் துடைத்தால் கறுப்பு. பாதுகாப்பறைக் கதவு கனமான இரும்பு, மூடிவிட்டால் காற்றோட்டம் மிகக் குறைவு. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். பலகையை மழைநாளில் உள்ளே வைத்து மூடினால் அந்த ஈரம் அங்கேயே தங்கும். என்ஜினையும் பெட்டிகளையும் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் அலமாரியில் 50 விழுக்காட்டில் வைத்தார்கள். பலகை அவ்வளவு பெரியது, அலமாரிக்குள் போகாது. கதவை அரைச்சாண் திறந்து வைப்பதோடு, ஆடும் முன் தண்டவாளத்தைத் துடைப்பது வழக்கமாயிற்று. மணல்தாள் கூடவே கூடாது, அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் நன்றாகத் தங்கும். மண்ணெண்ணெய் வகைத் திரவத்தைத் துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, பின்பு உலர்ந்த துணியால் ஒரு முறை. சக்கரங்களுக்கு, அதே திரவம் தொட்ட காகிதத் துவாலையைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ஒரு போகி அதன்மேலும் மறுபோகி தண்டவாளத்திலும் இருக்க, என்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் சுழலவிட வேண்டும். துவாலையில் நான்கு கறுப்புக் கோடுகள் விழும். துவாலையை நகர்த்தி, கோடு விழுவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும்.

எண்ணெய் போடும் ஆவல் பலருக்கு உண்டு. மோட்டாரின் இரு முனைத் தாங்கிகளுக்கு ஊசி முனையில் நிற்கும் துளி, லபெல் 108 போலப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய். கியருக்கு லபெல் 106 போன்ற கிரீஸ் கடுகளவு. தையல் இயந்திர எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். வழியும் எண்ணெய் சக்கரத்துக்கு வந்து, சக்கரத்திலிருந்து தண்டவாளத்துக்குப் போய், பிறகு எட்டுப் பெட்டிகளின் சக்கரங்களிலும் பரவும்.

கண்ணாடி அலமாரியில் நிற்கும் பழைய என்ஜினின் நான்கு புதுக் கியர்களையும் கழற்றி, சட்டம் கெடாத அதே வகை வேறொரு என்ஜின் கிடைக்கும்வரை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறான் பையன்.